38 லாக் ஏறி பர்மிங்ஹாம் நடுவுக்குப் படகில் போகலாமா? முட்டிவலி உள்ள அப்பாவும் கூட வருகிறார்

#1 மழைமேகம்

வணக்கம். கால்வாய்ப் படகில் போய் வந்தவர்கள், அதிலேயே குடியிருப்பவர்கள் என்று இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்.

செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு 57 அடி நேரோபோட் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஃபேஸ்லிக்குப் பக்கத்தில் படகை வாங்கிக்கொண்டு, பர்மிங்ஹாம் அண்ட் ஃபேஸ்லி கால்வாய் வழியாக ஊர் நடுவே கேஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற படகுத்துறை வரை போக வேண்டும். அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். இதுதான் என் ஆசை.

நேற்று ராத்திரி வரைபடத்தை விரித்துவைத்து எண்ணினேன். கர்ட்வர்த்தில் 11, மின்வர்த்தில் 3, ஆஸ்டனில் 11, ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் 13. மொத்தம் 38 லாக், அதாவது படகை மேலே ஏற்றும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள். அத்தனையும் ஏற்றம். பார்த்ததும் என் கணவர், "இதுக்கு ரயில்ல போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

போவது நாலு பேர். நான், அவர், 12 வயது மகன், 68 வயதான என் அப்பா. அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. சமதரையில் நடப்பார், குனிந்து நிமிர்வதும் படியேறுவதும்தான் கஷ்டம். நாங்கள் யாரும் இதுவரை ஒரு லாக்கைக்கூடத் திறந்ததில்லை. இது நடக்கிற காரியமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

#2 இரும்புப்பாலம்

நடக்கும். தாராளமா நடக்கும். ஆனா கணக்குப் போட்டுப் போகணும்.

படகுக்காரங்க ஒரு லாக்கை ஒரு மைலுக்குச் சமமா வெச்சு எண்ணுவாங்க. பழகினவங்க மணிக்கு நாலு போவாங்க. புதுசா வர்றவங்க மூணுன்னு வெச்சுக்கிட்டா ஏமாற மாட்டீங்க. கால்வாயில வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான். நின்னிருக்கற படகுகளைத் தாண்டும்போது அதுலயும் பாதிதான் போகணும்.

ஃபேஸ்லியிலேர்ந்து ஊர் நடு வரைக்கும் சுமார் 15 மைல். அதோட 38 லாக். 53 ஆச்சு. இதை மூணு நாளாப் பிரிங்க. முதல் நாள் கர்ட்வர்த் பதினொண்ணு. வயல், மரம், நல்ல காத்து, கை பழகறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வழியில டிரேட்டன்கிட்ட ஒரு நடைபாலம் வரும். ரெண்டு பக்கமும் கோட்டைக் கொத்தளம் மாதிரி வெள்ளைக் கோபுரம், அதுக்குள்ளயே சுழல்படி. பையனை ஏறி இறங்கச் சொல்லுங்க.

ரெண்டாம் நாள் மெதுவா எழுந்து மின்வர்த் வரைக்கும் போனாப் போதும். அங்க ராத்திரி தங்கிடுங்க. மூணாம் நாள்தான் பெரிய நாள். ஆறு மைல் சொச்சம், 24 லாக். காலை 7 மணிக்குக் கயித்தை அவுத்தீங்கன்னா சாயங்காலம் 4, 5 மணிக்கு மேலே இருப்பீங்க. நடுவுல ராத்திரி தங்கறதுக்கு மனசுக்குப் பிடிச்ச இடம் எனக்கு அமைஞ்சதில்லை, அதனாலதான் ஒரே மூச்சுல போங்கன்னு சொல்றேன். வாடகைப் படகை இருட்டினப்பறம் ஓட்டக்கூடாதுன்னு பெரும்பாலும் எழுதியே குடுப்பாங்க. காலையில எழுந்திருக்கறதுதான் இதுல பாதி வேலை.

#3 நடுவழி

இரும்புப்பாலம் அண்ணனோடு எனக்கு இதில் ஒத்துப்போகவில்லை. முட்டிவலி உள்ள பெரியவரை வைத்துக்கொண்டு முதல் பயணத்திலேயே 38 லாக் தேவையா?

லாக்கே இல்லாமல் அதே கேஸ் ஸ்ட்ரீட்டுக்கு வர ஒரு வழி இருக்கிறது. வூஸ்டர் அண்ட் பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டபிக் உச்சி லாக்குக்கு மேலே எங்கே படகு எடுத்தாலும் ஊர் நடு வரை ஒரே மட்டம். டார்டபிக்கிலிருந்து 14 மைல், ஒரு கதவுகூடத் திறக்க வேண்டாம். நடுவில் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம், 2,726 கஜம். உள்ளே இருட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் போவது குழந்தைகளுக்கு மறக்காது. போர்ன்வில்லில் கேட்பரி தொழிற்சாலை கரையிலேயே இருக்கிறது. பிறகு பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு தெரியும். பச்சை மரங்களுக்கு நடுவே வந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று ஊர் நடுவில் இருப்பீர்கள்.

படகை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருந்தால் யோசியுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

#4 மழைமேகம்

இரண்டு பேருக்கும் நன்றி. நடுவழி அவர்கள் எழுதியதைப் படித்து மனசு கொஞ்சம் ஆடிவிட்டது. இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் இரண்டு வழியையும் சொன்னேன். "ஒரு ஊருக்குள்ள தண்ணியிலயே ஏறிப் போறதுன்னா எப்படின்னு பாக்கணும்மா. மட்டமாப் போறதுக்கு ரோடு இருக்கே" என்றார். ஆசை எனக்கு மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூவரும் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு அது பயணமாகவே இருக்காது. அவர் செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

#5 சுக்கான்காரி

அப்பாதான் சுக்கான் பிடிக்கணும்! இதுல என்ன யோசனை?

எல்லாரும் தப்பா நெனைக்கறது இதைத்தான். படகு ஓட்டறது கஷ்டமான வேலை, அதை வாட்டசாட்டமா இருக்கறவங்க பாத்துக்கணும், லாக் வேலையை மத்தவங்க பாக்கணும்னு. நெசத்துல நேர் எதிர். கதவைத் தள்ளறது, பேடில் சுத்தறது, அடுத்த லாக்குக்கு முன்னால நடந்துபோய்த் தயார் பண்றது எல்லாம் காலுக்கும் முதுகுக்குமான வேலை. சுக்கான் பிடிக்கறவங்க ஒரே இடத்துல நிக்கணும், கண்ணு மட்டும் விழிப்பா இருக்கணும். பின்தளம் அகலமா இருக்கற படகுன்னா உயரமான ஸ்டூல் ஒண்ணு போட்டுக்கலாம். படகு குடுக்கறவங்ககிட்ட முன்னாடியே கேளுங்க.

என் மாமியார் 71 வயசுல மொத மொதல்ல சுக்கான் பிடிச்சாங்க. படகு 6 அடி 10 அங்குலம், லாக் 7 அடி சொச்சம். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு சாண்கூடக் கிடையாது. முதல் ரெண்டு தடவை சுவத்துல இடிச்சாங்க, மூணாவது தடவை ஊசியில நூல் கோக்கற மாதிரி உள்ள விட்டாங்க. காரணம் என்னன்னா அவங்க அவசரப்படலை. லாக்குக்கு ரெண்டு படகு நீளம் முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுட்டாங்க. சின்னப் பசங்க கடைசி வரைக்கும் வேகமா வந்துட்டு அப்புறம் ரிவர்ஸ் போடுவாங்க. ரிவர்ஸ் போட்டா சுக்கானுக்குப் பிடிமானமே இருக்காது, மூக்கு அது இஷ்டத்துக்குத் திரும்பும்.

சுக்கானை எந்தப் பக்கம் தள்றோமோ அதுக்கு எதிர்ப் பக்கம் படகு போகும். அதை மட்டும் வீட்லயே அப்பாகிட்ட சொல்லிவெச்சுடுங்க.

#6 பனித்துளி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். லாக் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஒருமுறை சொல்ல முடியுமா? பேடில் என்றால் துடுப்புதானே?

#7 இரும்புப்பாலம்

துடுப்பு இல்லை தம்பி. இங்க பேடில்னா சின்ன மதகு. கரையிலயும் இருக்கும், சில லாக்ல கதவுலயே இருக்கும். பல்சக்கரத்து முனையில விண்ட்லஸை மாட்டிச் சுத்தினா மதகுப் பலகை மேலே ஏறும். விண்ட்லஸ்னா வேற ஒண்ணும் இல்லை, 'ட' மாதிரி வளைஞ்ச இரும்புக் கைப்பிடி.

லாக்ங்கறது ரெண்டு பக்கமும் கதவு வெச்ச நீளமான தொட்டி. கீழேயிருந்து வர்ற படகு உள்ளே நுழையும். பின்னால கதவைச் சாத்தணும். மேல்பக்கப் பேடிலைத் தூக்கணும். மேலேயிருந்து தண்ணி வந்து தொட்டி நிரம்பும், படகும் கூடவே எழும்பும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒண்ணானதும் மேல்கதவு திறந்துக்கும். ஒரு விரக்கடை வித்தியாசம் இருந்தாலும் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. அசையலைன்னா பலத்தைக் காட்டாதீங்க, காத்திருங்க. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு தடவை ஒரு படகு ஏற சுமார் 1 லட்சம் லிட்டர் தண்ணி கீழே இறங்குது. அதனாலதான் ஒவ்வொரு பேடிலையும் இறக்கிட்டோமான்னு பாத்துட்டுக் கிளம்பணும்னு தொண்டை கிழியச் சொல்றோம்.

மழைமேகம், ஏறும்போது பாத்துக்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு, பேடிலை ஒரேயடியா முழுசாத் தூக்காதீங்க. பாதி தூக்கி நிறுத்துங்க, படகு அடங்கட்டும், அப்புறம் மீதி. இல்லைன்னா தண்ணி படகை முன்னால இழுத்துக் கதவுல மோதும், அடுத்த நொடியே பின்னால தள்ளும். உள்ள அடுப்புல வெந்நீர் வெச்சிருந்தா அதோகதி. ரெண்டாவது, படகு மூக்குல தொங்கற கயித்துப் பந்து மேல்கதவோட விளிம்புக்கு அடியில மாட்டிக்கக்கூடாது. மாட்டினா மூக்கு கீழேயே நிக்கும், வால் மட்டும் எழும்பும். பையனை மேல்கதவுகிட்ட நிறுத்தி அந்தப் பந்தையே பாத்துக்கிட்டிருக்கச் சொல்லுங்க. "நிறுத்து"ன்னு அவன் கத்தினா அடுத்த வார்த்தை பேசாம பேடிலை இறக்கிடணும். அவனுக்கு அந்த அதிகாரத்தை முன்னாடியே குடுத்துடுங்க.

#8 நடுவழி

நான் ஏன் லாக் என்றால் இவ்வளவு தயங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் படகு எடுத்த இடத்தில் கால் மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை. இன்ஜினை எப்படிக் கிளப்புவது, கழிவறைத் தொட்டி எங்கே, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் ஒரு லாக்கில் இறங்கிக்கொண்டிருந்தோம். மேல்கதவுக்கு உள்பக்கம் அடியில் ஒரு கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு சில் என்று பெயர். லாக் நிரம்பியிருக்கும்போது அது தண்ணீருக்குள் மறைந்திருக்கும். அது எங்கே முடிகிறது என்று காட்டக் கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகின் வால்பக்கம் இருக்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் இறங்க இறங்கப் படகின் பின்பக்கம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது, மூக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. முதலில் சமையலறை இழுப்பறை தானாகத் திறந்தது. கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து மூக்குப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கரைப்பாதையில் நாயோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து, "கீழ்ப் பேடிலை இறக்கு! இறக்கு!" என்று கத்தினார். என் மனைவி இறக்கினாள். அந்த அம்மாவே மேல் பேடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரை ஏற்றினார். படகு ஒரு பெரிய குலுக்கலோடு மேடையிலிருந்து விடுபட்டது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் படகு மூக்கு வழியாகத் தண்ணீரில் மூழ்கியிருக்கும்.

போகும்போது உங்களுக்கு எல்லாம் ஏற்றம்தான். திரும்பும்போது அந்த 38-ம் இறக்கம். அதை யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

#9 மழைமேகம்

கை நடுங்கிப் படித்தேன். சொன்னதற்கு நன்றி. அப்பாவும் படித்தார். "வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு" என்று இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போவதென்று முடிவாகிவிட்டது. எடுத்துப்போக வேண்டியது வேறு ஏதாவது?

#10 சுக்கான்காரி

நடுவழி, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு நெனைக்கவே நிம்மதியா இருக்கு.

மழைமேகம், ரெண்டு சாவி கேட்டு வாங்கிக்கோங்க. ஒண்ணு குடிதண்ணிக் குழாய், குப்பை போடற இடம் எல்லாத்துக்கும் பொதுவானது. இன்னொண்ணு, பேடில் கியரைப் பூட்டிவெச்சிருக்கற விலங்கு மாதிரி அமைப்பைத் திறக்கறதுக்கு. அதை ஹேண்ட்கஃப் கீன்னு கேட்டாத் தெரியும். பர்மிங்ஹாம் பக்கத்து லாக்ல நெறைய இடத்துல இது இல்லாம ஒரு பேடிலைக்கூட அசைக்க முடியாது. வேலை முடிஞ்சதும் திரும்பப் பூட்டணும். விண்ட்லஸ் ரெண்டாவது கைவசம் இருக்கட்டும், ஒண்ணு தண்ணிக்குள்ள போறது சகஜம்.

அப்புறம் ஊருக்குள்ள வரும்போது பிளாஸ்டிக் பை, கயிறு, பழைய துணி இதெல்லாம் படகுக்கு அடியில சுத்தற விசிறியில சுத்திக்கும். படகு சத்தம் போடும் ஆனா நகராது. கரையில கட்டிட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு, அப்புறமா வீட் ஹேட்ச்சை, அதாவது விசிறிக்கு மேல இருக்கற திறப்பைத் திறந்து கையை விடணும். சாவி பையில இருக்கணும்ங்கறது முக்கியம், தெரியாம யாராவது இன்ஜினைப் போட்டுடுவாங்க. மூடும்போது மூடி இறுக்கமா உட்கார்ந்திருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. அது சரியா மூடலைன்னா விசிறி அடிக்கற தண்ணி நேரா படகுக்குள்ள வரும், முழுகிடும்.

கனமான ரப்பர் கையுறை ஒரு ஜோடி. அவ்வளவுதான்.

#11 செங்கல்சூளை

போகிறவர்களுக்கு இந்த இடத்தின் பழங்கதையும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். தெரிந்துகொண்டு ஏறினால் அந்தப் பதின்மூன்று லாக்கும் வேறு மாதிரி இருக்கும்.

ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் படிவரிசை 1789-ல் முடிந்தது. பதின்மூன்று லாக்கில் சுமார் 24 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் இங்கே நெரிசல் தாங்காமல் எரிவாயு விளக்கு ஏற்றி இரவும் படகு விட்டார்கள். நிலக்கரி, செங்கல், இரும்பு எல்லாம் குதிரை இழுத்த படகில் வந்தவைதான். பாலங்களின் மூலையில் பதித்திருக்கும் இரும்புத் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். ஆழமாக, வழவழவென்று, பக்கத்தில் பக்கத்தில் பள்ளங்கள் இருக்கும். மண் ஒட்டிய ஈரக் கயிறு பல ஆண்டுகள் உரசி உரசி இரும்பை அறுத்த தடம் அது. எனக்கு எந்த அருங்காட்சியகத்தைவிடவும் அந்தப் பள்ளம் பெரியது.

படகோட்டிக் குடும்பங்கள் பின்பக்கத்தில் பத்தடி நீளம்கூட வராத அறையில் பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தார்கள். அவர்கள் நிலையைப் பார்த்துத்தான் 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. சரக்கெல்லாம் சாலைக்கு மாறியது, திரும்பி வரவில்லை.

கேஸ் ஸ்ட்ரீட் பேசினில் வூஸ்டர் பார் என்று ஒரு குறுகிய திட்டு இருக்கும். அகலம் 7 அடி 3 அங்குலம். பழைய பர்மிங்ஹாம் கால்வாய்க் கம்பெனி, வூஸ்டர் கால்வாய் தன் தண்ணீரை எடுத்துவிடும் என்று பயந்து இரண்டையும் இணைக்கவே விடவில்லை. ஒரு பக்கப் படகிலிருந்து மறுபக்கப் படகுக்கு அத்தனை சரக்கையும் ஆட்கள் கையால் தூக்கி மாற்றினார்கள். 1815-ல்தான் நடுவில் ஒரு லாக் வைத்து வழி திறந்தார்கள். அந்தத் திட்டின் மேல் நின்று இரண்டு பக்கமும் ஒரு முறை பாருங்கள். ஏழடி அகலத்துக்காக எத்தனை முதுகுகள் வளைந்தன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

உச்சத்தில் இருந்தபோது பர்மிங்ஹாம் கால்வாய் வலை 160 மைல். இன்றைக்கும் சுமார் 100 மைல் படகு ஓடுகிறது. பல ஊர்களில் மூடி மண் போட்டுவிட்டார்கள். இங்கே இவ்வளவு தங்கியதற்குப் பின்னால் எத்தனையோ தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கிய உழைப்பு இருக்கிறது.

#12 மழைமேகம்

போய் வந்துவிட்டோம்! வழி சொன்ன எல்லோருக்கும் முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கர்ட்வர்த்தில் முதல் லாக்குக்கு எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. பதினொன்றாவது லாக்குக்கு 14 நிமிடம். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். அப்பா முதல் நாள் காலையில் சுக்கானைப் பிடித்தவர், தூங்குவதற்குத் தவிர விடவில்லை. உயரமான ஸ்டூல் கிடைத்தது. சுக்கான்காரி அக்கா, அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்றாம் நாள் ஏழு மணிக்குக் கிளம்பினோம். சால்ஃபர்ட் ஜங்ஷனில் ஸ்பகெட்டி ஜங்ஷனுக்கு அடியில் போனோம். தலைக்கு மேலே அடுக்கடுக்காக நெடுஞ்சாலை, கான்கிரீட் தூண்கள் காடு மாதிரி நிற்கின்றன, மேலே லாரி ஓடும் இரைச்சல். கீழே ஒரு நாரை அசையாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா இன்ஜினைக் குறைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்டன் பதினொன்றும் நன்றாகவே போயின. பிறகு ஃபார்மர்ஸ் பிரிட்ஜ். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

பாதிப் படிவரிசை ஏறியிருப்போம். ஒரு லாக்குக்குள் நுழைந்தோம், கதவைச் சாத்தினோம். மேல் பேடிலைத் தூக்கப் போனால் அது ஏற்கெனவே நாலு விரல் உயரம் தூக்கியே இருந்தது. விலங்கும் பூட்டவில்லை. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முழுதாகத் தூக்கினோம். தண்ணீர் வந்தது. படகு அரையடி ஏறியிருக்கும், அப்படியே நின்றுவிட்டது. கொட்டும் சத்தம் மெதுவாகச் சலசலப்பாகி, பிறகு அதுவும் நின்றது. மகன் மேலே ஓடிப் பார்த்துவிட்டு, "அம்மா, மேல தண்ணியே இல்ல!" என்றான்.

போய்ப் பார்த்தேன். அடுத்த லாக் வரைக்கும் கருஞ்சேறு. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். சேற்றில் பாதி புதைந்த சைக்கிள் ஒன்று, பாட்டில்கள், ஒரு போக்குவரத்துக் கூம்பு. ஒரு வாத்து சேற்றின் மேல் நடந்துபோனது. கீழே சுவர்களுக்கு நடுவே குழிக்குள் அப்பா, படகோடு. இரண்டு பக்கமும் ஆளுயரக் கல்சுவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, படகு மெதந்துட்டுதான் இருக்கு. நீ போய்த் தண்ணியக் கொண்டா" என்றார் அவர் கீழேயிருந்து.

கணவர் அடுத்த லாக்குக்குப் போனார். மேல் பேடிலைத் திறந்து அந்த லாக்கை நிரப்பி, அதைச் சாத்திவிட்டு, கீழ்ப் பேடிலைத் திறந்து ஒரு லாக் தண்ணீரை இறக்கினார். சேற்றில் கொஞ்சம் பரவியது, அவ்வளவுதான். மறுபடி. மறுபடி. அதற்குள் அந்த லாக்குக்கு மேலே இருந்த பவுண்டும் (இரண்டு லாக்குக்கு நடுவே உள்ள கால்வாய்த் துண்டு) இறங்கத் தொடங்கியது, அதற்கும் மேலே போய்த் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. ரயில்வே ஊழியர் உடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு இருபது நிமிடம் கதவு தள்ளினார். மொத்தம் ஒரு மணி நேரம் போயிற்று. படகு மறுபடி எழும்பத் தொடங்கியபோது முதலில் அப்பாவின் தொப்பி தெரிந்தது, பிறகு அவர் முகம்.

ஏன் இப்படி ஆனது என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் தவறா?

#13 இரும்புப்பாலம்

உங்க தப்பு இல்லை. உங்களுக்கு முன்னால போன யாரோ மேல் பேடிலை முழுசா இறக்காம விட்டுட்டுப் போயிருக்காங்க. கீழ்க்கதவு எப்பவுமே கொஞ்சம் கசியும். ராத்திரி பூரா மேலேயிருந்து தண்ணி லாக்குக்குள்ள வந்து, கசிவு வழியாக் கீழே போயிக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் படிவரிசையில பவுண்டு ஒவ்வொண்ணும் ரொம்பக் குட்டை. காலியாக ஒரு ராத்திரி போதும். இனிமே லாக்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஒருத்தர் மேல நடந்து பவுண்டைப் பாத்துட்டு வரணும்.

உங்க வீட்டுக்காரர் பண்ணதுதான் சரி. மேலேயும் கீழேயும் பேடிலைத் திறந்தே விட்டு ஓட விடறவங்க இருக்காங்க, அதுல மேல் பவுண்டு காலியாறது தெரியாமலே போயிடும். ஒவ்வொரு லாக்கா இறக்கினதால கணக்குத் தெரிஞ்சது. கால்வாயைப் பாத்துக்கற கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டோட நம்பரைப் படகுலயே ஒட்டிவெச்சுக்கறது நல்லது. இந்த மாதிரி நேரத்துல அவங்களைக் கூப்பிடலாம்.

அப்புறம் மேலே என்ன ஆச்சு?

#14 மழைமேகம்

மேலே போகப் போக ஊர் நெருங்கிக்கொண்டே வந்தது. ஸ்னோ ஹில் ரயில்பாதையின் செங்கல் வளைவுகளுக்கு அடியில் லாக். கட்டடங்களுக்கு அடியிலேயே லாக். வெயில் இல்லாமல் குளிர்ந்து, தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் 152 மீட்டர் தொலைத்தொடர்புக் கோபுரம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தெருவில் நடந்து போகும்போது இந்த ஊரை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அதன் அடித்தளம், சுவர்கள் தண்ணீரில் நிற்கும் இடம், பாலத்தின் வயிறு, இதையெல்லாம் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு லாக்கிலும் இரண்டு மீட்டர் ஏறி, கடைசியில் கேம்ப்ரியன் வார்ஃபில் வெளிச்சத்துக்கு வந்தோம். மணி ஐந்தே முக்கால். ஓல்டு டர்ன் ஜங்ஷனில் நடுவில் இருக்கும் வட்டத் தீவைச் சுற்றி அப்பா 57 அடிப் படகைத் திருப்பினார், கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

செங்கல்சூளை அவர்களே, வூஸ்டர் பார் மேல் நின்றேன். அந்த இரும்புத் தகட்டின் பள்ளத்தில் அப்பா கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். முழு விரலும் உள்ளே போயிற்று.

#15 நடுவழி

மனசார மகிழ்ச்சி. நான் தடுத்தது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் வரப்போகிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இறங்கும்போது எப்படி இருந்தது?

#16 மழைமேகம்

உங்கள் பதிவை அச்செடுத்துச் சுக்கானுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தோம். ஒவ்வொரு லாக்கிலும் படகு உள்ளே வந்து நின்றதும் நாங்கள் யாரும் பேடிலைத் தொட மாட்டோம். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டே திரும்பி, கரையில் கோடு எங்கே என்று பார்ப்பார். படகின் வால் அதைத் தாண்டி முன்னால் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையைத் தூக்கி, "வெள்ளைக் கோடு பின்னாடி இருக்கு, திறக்கலாம்!" என்று சத்தமாகச் சொல்வார். முப்பத்தெட்டு முறையும் சொன்னார்.

பெயின்ட் அழிந்து கோடே தெரியாத லாக் ஒன்று வந்தது. கல்மேடை முடிகிற இடத்தைக் கதவிலிருந்து நடையால் அளந்து, மகன் அங்கே தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி விரித்து வைத்தான்.

நடுவழி, மகளோடு வரும்போது சொல்லுங்கள். ஹேண்ட்கஃப் கீ ஒன்று சொந்தமாகவே வாங்கி வைத்துவிட்டோம். அனுப்பித் தருகிறேன்.